ஜூம் குறைந்த கேமரா

"வீட்டுக்கா மேடம், டூருக்கா?" என்று கடைப் பெண் கேட்டாள். இரண்டுக்கும் இல்லை என்றால் பின்னே எதற்கு என்று கேட்பாள். அதைச் சொல்கிற தைரியம் இருந்திருந்தால் நான் இந்தக் கடைப் படியே ஏறியிருக்க மாட்டேன். "ரெண்டுக்குந்தாம்மா" என்று சொல்லிவைத்தேன். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெனிபா என்று போட்டிருந்தது. கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பரப்பினாள். எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளி நிறம். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. இவ்வளவு சின்னதா? நான் பார்த்த வீடியோ கேமரா எல்லாம் தோளில் ஏற்றி எடுப்பவை. பின்னால் ஒருவன் லைட்டைத் தூக்கிக்கொண்டு வருவான், அவனுக்கும் பின்னால் ஒருவன் வயரைச் சுருட்டிக்கொண்டு வருவான். இதை எவன் மதிப்பான்? என் முதல் கவலை அதுதான். படம் எப்படி விழும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தூரத்தில் வரும்போதே, அந்த அம்மா வீடியோ எடுக்கிறாள், தள்ளி வழிவிடுங்கள் என்று ஆட்களுக்குத் தோன்ற வேண்டும். ஜெனிபா ஒன்றின் பக்கவாட்டுத் திரையைக் கதவைத் திறப்பது போலத் திறந்து காட்டினாள். "எல்லாமே ஹெச்.டி. மேடம். கழுத்துல ஒரு மச்சம் இருந்தாக்கூட பளிச்சுனு தெரியும்" என்றாள். பேச்சுக்குத்தான் சொன்னாள். நர்மதாவுக்குப் பின்கழுத்தில், முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மச்சம் உண்டு. மிளகு அளவுதான் இருக்கும். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, தன் பின்கழுத்தை யார் பார்க்கிறார்கள்.

நர்மதா என் மகள். வருகிற ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் மூணாறு போகிறார்கள், அதற்குப் பரிசாகக் கொடுக்க ஒரு வீடியோ கேமரா வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆவுடையப்பனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆவுடையப்பன் என் வீட்டுக்காரரின் தம்பி. அவர் போனதற்குப் பிறகு எங்களுக்கு ரேஷன் கார்டிலிருந்து காலேஜ் சீட்டு வரைக்கும் அலைந்தவன் இவன்தான், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். காரில் வரும்போது, ஏதோ வேடிக்கையாகச் சொல்வதுபோல, "கல்யாணத்தன்னைக்கு நானும் நாலு எடம் எடுத்துப் பழகிக்கிடுதேன் தம்பி, புள்ளைக்கு அப்புறம் சொல்லிக் குடுக்கலாம்லா" என்றேன். அவன் பாலத்து நெரிசலைப் பார்த்துக்கொண்டே, "ஓ, எடுங்களேன் மதினி, யார் வேண்டாங்கா" என்றான். யார் வேண்டாங்கா. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வண்ணார்பேட்டை வரைக்கும் வந்தேன். இருபது வருஷத்தில் இவனிடம் நான் எதையும் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டதில்லை. மின்வாரிய ஆபீஸில் அவருடைய வேலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த நாளிலிருந்து நேராகப் பேசியே பழகியவள். லைன்மேன்கள் எல்லாம் என் மேஜைக்கு வரும்போது சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்பேர்ப்பட்டவள், ஒரு கேமராவின் பின்னால் ஒளிந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஆவுடையப்பன் கறுப்பில் பெரியதை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கே போய்விட்டான். இந்த ஆம்பிளைகளுக்கு ஒரு பொத்தான் கிடைத்தால் போதும். "மதினி இங்க வாங்க, அந்தால பெட்ரோல் பங்கு தெரியுதுலா, அதுல நிக்க பைக்கு நம்பரு வாசிக்க முடியுது! எழுவது மடங்கு ஜூமாம்! அடேயப்பா." நான் போய்த் திரையைப் பார்த்தேன். உண்மைதான். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருவனுடைய மூக்கு இங்கே என் கண்முன் இருந்தது, அவன் அதைத் தடவிக்கொண்டிருந்தான். "இத வாங்கிட்டா நீங்க எந்திரிக்கவே வேண்டாம் மதினி. முன்வரிசையில சேரு போட்டுருவோம். உக்காந்த எடத்துலருந்தே நர்மதா மூஞ்ச அப்படியே கிட்டத்துல வச்சுப் பாத்துக்கிடலாம்." சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு வசதி செய்து கொடுத்த சந்தோஷம் அவன் முகத்தில். அதில் சூது இல்லை, அதுதான் கஷ்டம். சூது இருந்தால் நான் சண்டை போடுவேன். எந்திரிக்கவே வேண்டாம். நான் இதை யோசிக்கவே இல்லை. கேமரா இருந்தால் கிட்டே போகலாம் என்று மட்டுந்தான் யோசித்தேன், கிட்டே போகாமலிருக்கத்தான் கேமராவில் இவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் போயிற்று. எழுபது மடங்கு என்றால் எழுபது மடங்கு தள்ளி நிற்கலாம். பந்தி வாசலில் நிற்கலாம், மண்டபத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில்கூட நிற்கலாம். அவனுக்கு அந்த நேரம் போன் வந்தது. மேடை அலங்காரக்காரன். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

யாரும் என்னைத் தள்ளி நில் என்று இதுவரைக்கும் சொன்னதில்லை. இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள், எல்லாரும் படித்தவர்கள். சொல்லமாட்டார்கள், காத்திருப்பார்கள். நானாக எழுந்து போகிறவரைக்கும் கையில் இருப்பதைத் துடைத்துக்கொண்டோ, யாரையோ தேடுவதுபோலவோ காத்திருப்பார்கள். ஆவுடையப்பன் மகன் கணபதிராமனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணம் நடந்தது. தாலியை மஞ்சள் அரிசியோடு தட்டில் வைத்து எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவதற்காக வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஆவுடையப்பன் மனைவி பகவதிதான் தட்டைப் பிடித்திருந்தாள். நாலு சேர் தள்ளி வரும்போதே எனக்குத் தாகம் எடுத்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான், தாலித் தட்டு கிளம்பினால் தாகம் எடுக்கும். எழுந்து தண்ணீர் டிரம் வைத்திருந்த இடத்துக்குப் போய், டம்ளரில் பிடித்து, மெல்ல மெல்லக் குடித்தேன். தட்டு என் சேரைத் தாண்டிப் போனதைக் கெட்டிமேளத்துக்கு ஆள் தயாராகிற சத்தத்தில் தெரிந்துகொண்டு இன்னொரு டம்ளரும் குடித்தேன். பகவதி அப்புறம் என் பக்கத்தில் வந்து, "எங்க போயிட்டியக்கா, தேடினேன்" என்றாள். தேடியிருக்க மாட்டாள் என்று சொல்ல முடியாது, தேடிக் கிடைக்காமல் போனதில் அவளுக்கு நிம்மதி. எனக்கும்தான். என்னிடம் தட்டை நீட்ட வேண்டிய கட்டாயம் அவளுக்கும் இல்லை, தொடாமல் விடப்படுகிற கட்டாயம் எனக்கும் இல்லை. இப்படித்தான் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து வருகிறோம்.

ஆனால் அன்றைக்குத் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுதான் நான் அந்த வீடியோக்காரனைப் பார்த்தேன். மணவறைமேல் ஏறி நின்றான். செருப்பைக் கழற்றியிருந்தான், அவனிடம் எல்லாரும் எதிர்பார்த்தது அவ்வளவுதான். குத்துவிளக்கைத் தாண்டினான். பெண்ணின் தாய்மாமனைத் தோளைப் பிடித்து நகர்த்தினான், அந்த ஆள் நாற்பது ஏக்கர் வயல்காரர், வாயைத் திறக்காமல் நகர்ந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திக்கொண்டு இவனைப் பார்த்தார். "மாப்ள, தாலிய இன்னுங் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க, இங்க பாருங்க, ஆங், இப்ப கட்டுங்க" என்றான் இவன். இவன் சொன்ன பிறகுதான் கட்டினார்கள். நல்ல நேரம் பார்த்துக் கொடுத்த ஜோசியரைவிட இவன் பெரிய ஆளாக இருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. இவனுடைய பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று யாராவது கேட்டார்களா? இவன் யார் வீட்டுப் பிள்ளை, இவனுக்கு என்ன தோஷம், எதைப் பறிகொடுத்துவிட்டு இந்த மணவறையில் ஏறியிருக்கிறான் என்று எவராவது யோசித்தார்களா? கையில் கேமரா இருந்தது, அதனால் அவன் அங்கே இருந்தும் இல்லாத ஆள். நானும் பல வருஷமாக அங்கே இருந்தும் இல்லாத ஆள்தான். எனக்கு மட்டும் ஏன் தண்ணீர் டிரம் பக்கத்தில் இடம்? அந்த நினைப்பு அன்றைக்கு வந்து உட்கார்ந்ததுதான். நர்மதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்காத காலம் அது.

அந்தக் கல்யாண டிவிடியை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். என்னைத் தேடிப் பார்த்தேன் என்பதை மறைப்பானேன். மூன்று மணி நேரத்தில் ஒரு இடத்தில் இருக்கிறேன். தட்டு வருகிற காட்சி, அதன் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டுச்சேலை ஒன்று எழுந்து போகிறது. முதுகுதான். ஆனால் அதை நான் ஒரு தரந்தான் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது வேறு இடம். தாலி கட்டுகிற நேரம், பெண்ணின் அம்மா பின்னால் குனிந்து, மகளுடைய சடையை ஒரு கையால் தூக்கிப் பிடிக்கிறாள். பூவும் குஞ்சலமுமாகக் கனத்துத் தொங்குகிற சடை. தூக்கினால்தான் முடிச்சுப் போட இடம் கிடைக்கும். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கை தன்பாட்டுக்குப் போகிறது. எத்தனை காலைகளில் அந்தத் தலையை வாரியிருப்பாள், கைக்கு வழி தெரியாதா? நான் நர்மதாவுக்குப் பிளஸ் டூ முடிகிறவரைக்கும் இரட்டைச் சடை போட்டுவிட்டவள். ஆபீஸுக்கு நேரமாகும், அவளுக்கு பஸ் வந்துவிடும், வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, "ஆடாத ட்டி, ஆடாத" என்று பல்லிடுக்கில் சொல்லிக்கொண்டு வகிடு எடுப்பேன். ஒவ்வொரு நாளும் அந்த மச்சத்தைப் பார்ப்பேன். அவர் இறந்த மறுவாரம் பள்ளிக்கூடம் அனுப்புவதற்காக அவளை முன்னால் உட்கார்த்தி வாரும்போது, என் கண்ணீர் அந்த மச்சத்தின்மேல் விழுந்து, "அம்மா, தண்ணி சொட்டுது" என்றாள். ஒன்பது வயது. தலை ஈரம் என்று நினைத்துக்கொண்டாள். என் தாலி போன கழுத்தை அவள் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கழுத்தில்தான் இப்போது முடிச்சு விழப்போகிறது, அந்த மச்சத்துக்கு நேர்மேலே. என் இடத்தில் நிற்கப்போகிற பகவதி சடையைத் தூக்கிப் பிடிப்பாள். நல்லபடியாகத்தான் பிடிப்பாள். ஆனால் அவளுக்கு அந்த மச்சம் தெரியாது.

"மேடம், சின்னதும் ஒரு தடவ கையில பிடிச்சுப் பாருங்க, வெயிட்டே இருக்காது" என்று ஜெனிபா பட்டையை என் வலது கையில் மாட்டிவிட்டாள். அது வெள்ளி நிறத்தது. கை வளைந்து அதைச் சுற்றிக்கொண்டது. "ஒரு கையிலயே எல்லாம் பண்ணலாம். கட்டைவிரலுக்கு ரெக்கார்டு பட்டன். இந்தக் கை ஃப்ரீயா இருக்கும், குழந்தையப் பிடிச்சுக்கலாம், பேக் வச்சுக்கலாம்" என்று என் இடது கையைத் தட்டினாள். நான் இடது கையைப் பார்த்தேன். அது மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. இந்தக் கை சும்மா இருக்கும். இதனால் ஒரு சடையைத் தூக்கிப் பிடிக்கலாம். உடனே, சீ, இடது கையாலா, நல்ல காரியத்துக்கு இடது கையை நீட்டுவார்களா என்று இருந்தது. எனக்கே சிரிப்பு. மணவறையில் நான் நிற்பதே கூடாது என்று ஊர் நினைக்கிறது, நான் எந்தக் கை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இடது கையில பிடிக்க மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். "நீங்க லெஃப்ட் ஹேண்டா மேடம்? இல்ல மேடம், எல்லா கம்பெனியும் ரைட்டுக்குத்தான் பண்றாங்க." சரி. எல்லாக் கம்பெனியும் சேர்ந்து தீர்மானித்துவிட்ட பிறகு நான் என்ன செய்ய முடியும். "முன்னால சிகப்பு லைட் எரியுமாம்மா, எடுக்கும்போது?" "எரியும் மேடம், வேண்டாம்னா ஆஃப் பண்ணிடலாம். நெறைய பேர் அதைத்தான் கேப்பாங்க, ஆளுங்க கவனிக்காம இருக்க." "எனக்கு எரியணும்." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எரியும்" என்றாள்.

நர்மதா கேட்காமல் இல்லை. மாசி மாதம் பெங்களூரிலிருந்து போனில் கேட்டாள். "நீதான் மேடையில இருக்கணும். சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்கட்டும், நா வேண்டாங்கல. ஆனா நீ எம்பக்கத்துல நிக்கணும். இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்." எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "கிறுக்கு மாதிரி பேசாத. மாப்ள வீட்ல என்ன நெனைப்பாக? நா முன்வரிசையிலதான இருக்கப் போறேன். அங்கயிருந்து உன்னப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்." அவளுடைய ஆபீஸில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிம்மா, உனக்கு எது சௌகரியமோ" என்றாள். அவ்வளவுதான், இரண்டாம் தடவை கேட்கவில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தேன், அவள் வைத்த பிறகும். இன்னொரு தடவை கேள் என்று எப்படிச் சொல்வது? முதல் தடவை மறுப்பது முறை. இலையில் இன்னொரு கரண்டி போட வந்தால் கையை மறித்து வேண்டாம் வேண்டாம் என்போமே, அந்த வேண்டாம்தான் அது. பெங்களூரில் ஆறு வருஷம் இருந்துவிட்டாள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறவர்களோடு பழகிவிட்டாள். அவளைச் சொல்லி என்ன. நான்தான் கெட்டிக்காரத்தனமாகக் கரண்டியை மறித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவள் திரும்பக் கேட்டிருந்தால்.

கேட்டிருந்தால் மட்டும் போயிருப்பேனா? அதுவும் சந்தேகந்தான். ஆபீஸில் யாராவது சகுனம் பார்த்தால் நான் வாயைக் கிழிப்பேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நர்மதா என்று வந்தால் நம்பாமலிருக்கத் தைரியம் இல்லை. நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், மாப்பிள்ளை பைக்கிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டால், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்வேன், நீ அங்கே நின்றாயே என்று. அவருக்கு மாரடைப்பு வந்தபோது நாற்பத்தொரு வயது. எங்கள் கல்யாணத்தில் மணவறையைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சுமங்கலிகள். போட்டோவில் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒரு குறை கிடையாது. அத்தனை மஞ்சளும் குங்குமமும் சேர்ந்து அவரை எத்தனை நாள் காப்பாற்றின? இந்தக் கணக்கை நான் ராத்திரி பகலாகப் போட்டுப் பார்த்தாயிற்று. புத்திக்குச் சரியாக வருகிறது. ஆனால் கால் மட்டும் தண்ணீர் டிரம் பக்கமே நகர்கிறது. அதனால்தான் கேமரா. கையில் அது இருந்தால் நான் சிதம்பரவடிவு இல்லை, வீடியோ எடுக்கிற ஆள். தீட்டு, சகுனம், சம்பந்தியம்மாளின் பார்வை எல்லாம் அந்த ஆளைத் தாண்டிப் போய்விடும் என்று ஒரு நினைப்பு. சாமியே பார்த்தாலும் வீடியோக்காரி என்று விட்டுவிடும் என்றுகூட நினைத்திருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

"அது வேண்டாம் மேடம்" என்று ஜெனிபா வெள்ளிக் கேமராவை என் கையிலிருந்து கழற்றப் போனாள். "சும்மா புடிச்சுப் பாக்கத்தான் குடுத்தேன். இதுல ஜூம் ரொம்பக் கம்மி. லென்சு அகலம், சின்ன ரூம்லகூட எல்லாரும் விழுவாங்க, ஆனா தூரத்துல உள்ளது எறும்பு மாதிரி தெரியும். பக்கத்துல போனாத்தான் முகம் நல்லா வரும்." நான் கையை இழுத்துக்கொண்டேன். "எவ்வளவு பக்கத்துல?" "இந்தா, இப்ப நீங்களும் நானும் நிக்கிறோம்ல, இவ்வளவு." ஒரு கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் நெற்றியோரத்தில் பவுடர் திட்டாக இருந்தது, மேலுதட்டில் வேர்வை. "திரையைப் பாக்காம எடுத்தா?" "அகல லென்சுங்கிறதால குத்துமதிப்பா பிடிச்சாலே விழுந்துடும் மேடம்." அப்படியானால் கேமரா ஒரு பக்கம் பார்க்கட்டும், நான் என் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். "கொஞ்சம் நடந்து பாக்கட்டுமா?" என்றேன். கட்டைவிரலை அழுத்தினேன், முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நடந்தேன். மிக்ஸி வரிசையில் நின்ற ஒரு பெரியவர், நான் ஒன்றும் சொல்லாமலே, வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார். டிவி பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் குனிந்து வழிவிட்டார்கள். எனக்குக் கால் லேசாகிவிட்டது. வாஷிங் மெஷின் பக்கம் ஒரு குடும்பம். புதுப்பெண், கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்காத கயிறு, பக்கத்தில் மருதாணிக் கையோடு மாப்பிள்ளை, கூடவே பட்டுச்சேலையில் அவள் மாமியார் போல ஒரு அம்மாள். நான் போனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், என் வெறும் நெற்றியைப் பார்த்திருப்பாள், பார்க்காமலா. ஆனால் அவள் கண் அங்கே நிற்கவில்லை, சிவப்பு விளக்குக்கு வந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஏட்டி, வீடியோ எடுக்காவ, சிரி" என்று மருமகளை முன்னால் தள்ளிவிட்டுத் தான் ஓரமாக நகர்ந்தாள். பெண் சிரித்தாள். நான் இன்னும் கிட்டே போனேன். மஞ்சள் கயிற்றின் முறுக்கு தெரிந்தது. முடிச்சைப் பார்ப்பதற்காகப் பின்பக்கம் சுற்றி வந்தேன். பூ வாடிய சடை அதை மறைத்திருந்தது. என் இடது கை பாதி வரைக்கும் உயர்ந்துவிட்டது, எனக்குத் தெரியாமலே. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அது அடுத்தவர் வீட்டுப் பிள்ளை. "நல்லாருப்பம்மா" என்று சொன்னேன். அந்த அம்மாளும் "ஆமா தாயி, வாழ்த்துங்க" என்றாள். மேலிருந்து எதுவும் இடிந்து விழவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ மிக்ஸியைப் போட்டுச் சத்தம் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது ஆவுடையப்பன் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியாது. "பெருசையே போடச் சொல்லிரட்டா மதினி?" என்றான். "இல்ல தம்பி, இது." "இதுல ஜூமே இல்லங்காகளே. என்னத்துக்கு இது? கிட்டப் போனாத்தான எடுக்க முடியும்?" வாய் உலர்ந்துவிட்டது. தாகம். கடையின் மூலையில் தண்ணீர் வைத்திருந்தார்கள், டம்ளர்கூட இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும், போய் மெல்ல மெல்லக் குடித்துவிட்டு வரலாம், அதற்குள் பெரிய கறுப்பு கேமராவுக்குப் பில் போட்டிருப்பான், எல்லாரும் நல்லவர்களாகவே வீடு போய்ச் சேரலாம். நான் நகரவில்லை. "ஆமா தம்பி" என்றேன். "கிட்டப் போயித்தான் எடுக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். அண்ணனுடைய கண்தான் அவனுக்கு, யோசிக்கும்போது இடது பக்கம் கொஞ்சம் சுருங்கும். சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பிப்பான். பகவதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம் என்பான். நீங்க சொன்னா சரிதான் மதினி, ஆனா என்பான். அந்த ஆனாவுக்காக நான் காத்திருந்தேன். அவன் கார்ச் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். கண்ணைத் துடைத்தான் என்று சொன்னால் அது பொய், மூக்கைத்தான் உறிஞ்சினான். பிறகு ஜெனிபா பக்கம் திரும்பி, "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்மா?" என்று கேட்டான். "தொடர்ந்து எடுத்தா ஒரு மணி நேரம் வரும் சார்." "காணாது. வெள்ளென மணவறையில ஏறுனா, தாலி கட்டி, அம்மி மிதிச்சு, எல்லாம் முடிஞ்சு எறங்க நேரமாயிரும். நடுவுல நின்னு போயிரக் கூடாது. இன்னொரு பேட்டரி சேத்துப் போடுங்க." ஜெனிபா பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டே, "மணவறையில யாரு சார், பொண்ணா?" என்றாள். "எங்க மதினி" என்றான் ஆவுடையப்பன். சத்தமாகத்தான் சொன்னான், மிக்ஸி வரிசைப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "டப்பாவுல வைக்கணும் மேடம், கழட்டிக் குடுங்க" என்று ஜெனிபா கை நீட்டினாள். நான் கழற்றவில்லை. வலது கையில் கேமரா இருந்தது, சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன். ஒரு சடையைத் தூக்கிப் பிடிக்க அது போதும்.